பிஎச்சைத் துரத்த வேண்டாம்: செடித் தொட்டிக்காரர்கள் தண்ணீரில் செய்யும் தவறுகள்

செடி வைத்த மீன்தொட்டி ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) டெஸ்ட் கிட். போர் தண்ணீரில் சோதித்தால் 8 காட்டும். செடிகளுக்கு 6.5 நல்லது என்று எங்கோ படித்திருப்பார்கள். உடனே கடைக்குப் போய் ‘பிஎச் டவுன்’ பாட்டில் ஒன்று வாங்கி வருவார்கள். அந்தக் கிட்டோடு கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) கிட்டையும் வாங்கியிருந்தால் பாட்டில் செலவு மிஞ்சியிருக்கும்.

அந்த பாட்டிலில் இருப்பது அமிலம். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டோடு அது சேரும்போது கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்; பிஎச் சட்டென்று இறங்கும். மாலையில் ஊற்றியவருக்கு 6.8 தெரியும், நிம்மதியாகத் தூங்கப் போவார். இரவெல்லாம் அந்த வாயு மேற்பரப்பு வழியாக வெளியேறிவிடும். காலையில் பார்த்தால் பிஎச் மறுபடி 8-ஐ ஒட்டி நிற்கும். திரும்ப ஊற்றுவார். ஒவ்வொரு முறையும் பைகார்பனேட் கொஞ்சம் குறைந்துகொண்டே போகும். அது தீர்ந்துபோன அன்று, வழக்கமாக ஊற்றும் அதே ஒரு மூடி அமிலம் பிஎச்சை 5-க்குக் கீழே தள்ளிவிடும். மீன்கள் சாவது அன்றைக்குத்தான்.

இந்த பைகார்பனேட்டின் அளவைத்தான் கேஎச் என்கிறோம். 1 டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பிஎச் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கேஎச்சும் கார்பன் டை ஆக்சைடும்தான். கேஎச் 12 உள்ள தண்ணீரில் நாட்டு வாதுமை இலையை எத்தனை போட்டாலும் தண்ணீர் டீ நிறமாகுமே தவிர பிஎச் பெரிதாக அசையாது.

அடுத்த குழப்பம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில். “எங்க வீட்ல சாஃப்ட்னர் இருக்கு, தண்ணி சாஃப்ட்தான்” என்பார்கள். சோப்பு நன்றாக நுரைக்கிறது, உண்மைதான். ஆனால் சாஃப்ட்னரில் உள்ள ரெசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) இறங்கும், கேஎச் அப்படியே இருக்கும். செடிக்கு வேண்டிய இரண்டு சத்தும் போய், வேண்டாத சோடியம் வந்ததுதான் மிச்சம். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதில் பிடிப்பதே மேல்.

டிடிஎஸ் மீட்டரை வைத்து கேஎச்சை ஊகிப்பதும் இதே ரகம். மீட்டர் மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கடலோரத்தில் உப்பு ஏறிய கிணற்று நீரில் டிடிஎஸ் எகிறியிருக்கும், அதில் பெரும்பங்கு சாதாரண உப்பாகவே இருக்கலாம்.

கேஎச் சோதனை சுலபம். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகும் வரை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. 10 மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டுக்கு அரை டிகிரி, கணக்கு இன்னும் துல்லியமாகும். அப்புறம், மோட்டார் போட்டவுடன் பிடித்த போர் தண்ணீரின் பிஎச்சை நம்ப வேண்டாம். நிலத்தடியில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு அதில் இருப்பதால் பிஎச் குறைத்தே காட்டும். ஒரு ராத்திரி வாளியில் காற்று பம்ப் ஓட விட்டுப் பாருங்கள், ஏறியிருக்கும்.

சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர்கள் செய்வதுதான் ஆபத்தான தவறு: அடுத்தவர் தொட்டியின் பிஎச்சை அப்படியே காப்பியடிப்பது. கேஎச் 4 உள்ள தண்ணீரில் பிஎச் 6.6 என்றால் கார்பன் டை ஆக்சைடு சுமார் 30 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). செடிக்கும் மீனுக்கும் ஒத்துவரும் அளவு. கேஎச் 10 உள்ள போர் தண்ணீரில் கன்ட்ரோலரை (பிஎச்சைப் பார்த்து வாயுவைத் திறந்து மூடும் கருவி) அதே 6.6-க்கு வைத்தால் கணக்கு 75 பிபிஎம் வரை போகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். கேஎச்சையும் பிஎச்சையும் வைத்து கார்பன் டை ஆக்சைடைக் கணிக்கும் அட்டவணையும் பைகார்பனேட்டை மட்டும் நம்பிப் போட்டது. பாஸ்பேட்டோ மரக்கட்டையிலிருந்து இறங்கும் அமிலமோ இருந்தால் பொய் சொல்லும். கார்பன் டை ஆக்சைடு அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் ஒட்டும் சிறு குமிழான டிராப் செக்கரே மேல். அதிலும் தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறார்கள்! உள்ளே இருக்க வேண்டியது 4 டிகிரி கேஎச் கரைசல். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்குள் வால்வைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் உண்டு: முழுக்க ஆர்ஓ தண்ணீர். அதில் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போதே பைகார்பனேட்டைச் செலவழிக்கும். செலவழிக்க ஒன்றும் இல்லையென்றால் பிஎச் சரியும், பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகும். கேஎச் 12 உள்ள தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ இரண்டு பங்கு கலந்தால் 4 வரும். அல்லது 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். பேக்கிங் பவுடர் அல்ல, சமையல் சோடா. கால்சியமும் மக்னீசியமும் தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில் மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. சோதிக்காமல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் விடுகிறவர்களுக்கு: அது மூலத் தண்ணீரைவிடச் செறிவு கூடியது, மாடித் தோட்டத்துக்குக்கூட யோசித்துத்தான் ஊற்ற வேண்டும்.

அலங்காரத்துக்குப் போடும் பவளத் துண்டு, சிப்பி, பளிங்குச் சல்லி, சுண்ணாம்புப் பாறை எல்லாம் கேஎச்சை ஏற்றும். கார்பன் டை ஆக்சைடு ஓடும் தொட்டியில் இன்னும் வேகமாகக் கரையும். அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் மண்) இதற்கு நேர்மாறு, கேஎச்சை உறிஞ்சும். ஆனால் வாரம் தவறாமல் கேஎச் 12 தண்ணீரை மாற்றினால், விலை கொடுத்து வாங்கிய அந்தத் திறன் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: கேஎச்சைக் குறைத்தே தீர வேண்டிய தொட்டிகள் குறைவு. வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், ஹைக்ரோஃபிலா எல்லாம் கடினத் தண்ணீரில் நன்றாகவே வளரும். வாலிஸ்னேரியா பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அதன் இலையில் வெள்ளைப் படலம் தெரிவது அதனால்தான், நோய் அல்ல. சென்னை கொளத்தூர் பக்கம் வாங்கும் கப்பி, மோலி மீன்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தண்ணீரிலேயே வளர்ந்தவை. டோனினா, எரியோகாலன் மாதிரி செடிகள் வேண்டுமென்றால்தான் ஆர்ஓ பக்கம் போக வேண்டும்.

கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்புகள் ஆவியாகாது. ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் கேஎச்சும் ஜிஎச்சும் மாதா மாதம் ஏறும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் போதும்.