மாதச் சந்தா இல்லாமல் எச்.டி.: வேலூர் மொட்டை மாடியில் டிஷ் பொருத்துவது எப்படி?

எங்கள் சத்துவாச்சாரி வீட்டு மாடியில் பழைய அலுமினிய ஆன்டெனா ஒன்று இன்னும் சென்னைத் திசையைப் பார்த்தபடி நிற்கிறது. இப்போது அதில் காகங்கள் மட்டுமே உட்காருகின்றன. 'அதைத் துடைத்து மாட்டினால் எச்.டி. வருமா?' என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வராது. சென்னை 120 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நம் ஊருக்கு இலவச வழி வானத்திலிருந்துதான் வருகிறது. 2004 டிசம்பரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தொடங்கிய சேவை அது. இன்று அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: டி.டி. நேஷனல், டி.டி. நியூஸ் போன்ற சில சேனல்களே எச்.டி.யில் வருகின்றன. மற்றவை பெரும்பாலும் சாதாரணத் தரம்தான்.

வாங்க வேண்டியவை

60 சென்டிமீட்டர் டிஷ், கே.யு. பேண்ட் எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சிறு கருவி), டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு ஆர்.ஜி.6 கேபிள், பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள், எம்பெக்-4 என்ற வீடியோ முறையைப் படிக்கும் செட்டாப் பாக்ஸ். பழைய எம்பெக்-2 பாக்ஸை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், அதில் எச்.டி. கிடைக்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களில் இணைத்தாலும் எச்.டி. தெரியாது.

இடமும் திசையும்

நாம் பிடிக்க வேண்டிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. வேலூரிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் 131 டிகிரி, அதாவது தென்கிழக்கு. உயரக் கோணம், அதாவது கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய சாய்வு, சுமார் 67 டிகிரி. திருப்பத்தூரிலோ ராணிப்பேட்டையிலோ ஓரிரு டிகிரிக்கு மேல் மாறாது. இவ்வளவு செங்குத்தாகப் பார்ப்பதால் ஊரைச் சுற்றியுள்ள மலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தென்கிழக்கில் 5 மீட்டர் தள்ளி நிற்கும் தென்னை, டிஷ்ஷைவிட 12 மீட்டர் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும்.

கைபேசியின் திசைகாட்டியை இரும்புக் குழாயிலிருந்து நான்கடி தள்ளி வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அது பொய் சொல்லும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் பிறகு எந்தக் கோணமும் ஒத்துவராது.

கண் ஏமாறும் இடம்

67 டிகிரி என்றவுடன் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வீட்டு டிஷ்களில் எல்.என்.பி. நடுவில் இருக்காது, கீழ்ப்பக்கமாகத் துருத்தி நிற்கும். அதனால் டிஷ்ஷின் முகம் உண்மையான கோணத்தைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி தாழ்ந்தே தெரியும். பார்வைக்குப் பாதி சாய்ந்ததுபோல் இருந்தால் அதுவே சரி. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்துத் திருப்பவும் வேண்டாம். அது வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இணைப்பு

முதலில் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்துங்கள். கேபிளின் மேலுறையைச் சீவி, வெளிவலையைப் பின்னால் மடித்து கனெக்டரை மாட்டுங்கள். வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும்.

தேடுதல்

இது இருவர் செய்யும் வேலை. நான் மாடியிலும் என் அக்கா கீழே டிவி முன்னும், நடுவில் கைபேசி அழைப்பு. பாக்ஸின் மெனுவில் அலைவரிசை (ஃப்ரீக்வென்சி) 11090, வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று கொடுங்கள். எல்.என்.பி. வகை யுனிவர்சல். திரையில் இரண்டு கோடுகள் தெரியும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. முதல் கோட்டைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே அது ஏறிவிடும். "80 காட்டுகிறதுடா தம்பி!" என்று அக்கா சொன்னதை நம்பி, குவாலிட்டி பூஜ்யத்தில் கிடப்பது தெரியாமல் ஒரு மதியம் முழுவதும் வெயிலில் காய்ந்தேன். வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உயரக் கோணத்தை ஓரிடத்தில் நிறுத்தி, டிஷ்ஷை இடவலமாக மெதுவாக நகர்த்துங்கள். விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு டிகிரி மாறிவிடும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நொடி காத்திருங்கள். பாக்ஸ் தாமதமாகத்தான் காட்டும். கிடைக்கவில்லையென்றால் உயரக் கோணத்தைச் சற்று மாற்றி மறுபடியும் தொடங்குங்கள். குவாலிட்டி எழுந்ததும் எல்.என்.பி.யை அதன் பிடியிலேயே கடிகார முள்போல் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் அது நேராக நிற்காமல் நன்றாகச் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் டிஷ் விலகிவிடும். பிறகு பாக்ஸின் மெனுவில் சேனல்களை ஸ்கேன் செய்யுங்கள்.

பலத்த மழையில் படம் உறைந்தால் அது மழையின் வேலை, விட்டுவிடுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் காலை 11 மணி வாக்கில் படம் சில நிமிடம் போகும். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. ஸ்பேனரை எடுக்காமல், வெறுமனே மாடிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் வேப்பமரத்தின் நிழல் டிஷ்ஷின் மேல் விழுந்தால், வெட்ட வேண்டிய கிளை அதுதான்.