"காஷ்"னு எப்போ சொல்லலாம், எப்போ சொல்லக்கூடாது

பழைய இங்கிலீஷ் கதைகள்ல ஸ்கூல் பசங்க ஆச்சரியப்பட்டா "காஷ்!" (gosh)னு சொல்வாங்க பாத்திருப்பீங்க. தங்கம்ல வர்ற 'க' சத்தத்துல ஆரம்பிச்சு, 'ஆ'வை ரொம்ப இழுக்காம டக்குனு முடிக்கணும். 'கேஷ்'னு சொல்லிட்டா அது பணம்.

இதை டிக்‌ஷனரி பாத்து "கடவுளே"னு மொழிபெயர்க்கிறாங்க, எனக்கு அது சரியா படல, ஏன்னா கடவுள் பேரைச் சொல்லாம தப்பிக்கத்தான் இந்த வார்த்தையே வந்துச்சு. 'காட்' (God)னு வாய் வரைக்கும் வந்துடும், கடைசி சத்தத்தை மட்டும் மாத்தி 'காஷ்' ஆக்கிடுவாங்க. கடவுள் பேரை வீணா எடுக்காதேனு பைபிள் பத்து கட்டளைல இருக்கு. இங்கிலாந்துல 1606ல சட்டமே வந்துச்சு, நாடக மேடைல கடவுள் பேரை விளையாட்டா சொன்னா பத்து பவுண்ட் அபராதம், அந்தக் காலத்துல அது பெரிய காசு. ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ நாடகத்தோட 1622 பதிப்புல இருந்த, கடவுள் மேல சத்தியம் பண்ற சில வார்த்தைகள் 1623 பதிப்புல காணாம போனதுகூட இதோட சேர்ந்த கதைதான். காஷ் அச்சுல வந்தது அதுக்கப்புறம், 18ம் நூற்றாண்டுல. கோலி, ஜீ, கிரைக்கி எல்லாம் இதே மாதிரி வேஷம் மாத்துன வார்த்தைங்கதான்.

அதனால தமிழ்ல "அடடா", "அடேயப்பா", "அம்மாடி" இதுல ஒண்ணு போட்டா பொருந்தும்.

எப்படி சொல்றதுனா, வாக்கியத்தோட தொடக்கத்துல வெச்சு ஒரு சின்ன நிறுத்தம் விடுங்க. "காஷ், இஸ் இட் டென் ஆல்ரெடி?"னா அடடா மணி அதுக்குள்ள பத்தானு அர்த்தம். யாராவது உதவி வேணுமானு கேட்டா "காஷ், யெஸ்!"னு சொல்லலாம், வெறும் யெஸ்ஸை விட மனசார ஆமாங்கிற மாதிரி கேக்கும். "ஓ மை காஷ்" இன்னிக்கும் அமெரிக்கால சாதாரணமா புழங்குது, தனியா "காஷ்" மட்டும் சொன்னா கொஞ்சம் பழைய காலத்து வாசனை அடிக்கும், ஆனா எனக்கு அந்த வாசனை ரொம்ப பிடிக்கும்.

சாவு செய்தி, பெரிய விபத்து இதுக்கெல்லாம் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, ரொம்ப லேசான வார்த்தை, எதிர்ல இருக்கிறவங்க மனசு புண்படும். ஆபீஸ் லெட்டர்லயும் வேண்டாம். குழந்தைங்க, பெரியவங்க முன்னாடி தாராளமா சொல்லலாம். ஆனா ரொம்ப கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலதுல காஷ்கூட கடவுள் பேர்தானேனு நினைப்பாங்க, அங்க போனா "வாவ்" போதும்.