ஆஸ்கார் தொட்டியில் நத்தையும் இறாலும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு நாலடித் தொட்டியில் ஆஸ்கார் என்கிற பெரிய வளர்ப்பு மீன் ஒன்று இருக்கிறது. வாங்கும்போது விரல் நீளம், இப்போது ஓரடிக்குப் பக்கம். விவரம் தெரியாத காலத்தில் அதனோடு இருபது செர்ரி இறாலை (தொட்டியில் வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால்) விட்டேன். சாயங்காலம் விட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. மீன் கடை அண்ணாச்சியிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "தம்பி, நீரு இறாலையா விட்டீரு? இரையைல்லா போட்டிருக்கீரு!"

ஆஸ்காரோ, விராலோ, அரவானாவோ, வாய்க்குள் போகிற எதையும் விட்டுவைக்காது. வயிறு நிறைந்த மீன் தொடாது என்பார்கள். நம்பாதீர்கள். மீனைத் திருத்த முடியாது, அதன் வாய் எட்டாத இடத்தைத்தான் நாம் செய்து கொடுக்க வேண்டும்.

முதலில் தொட்டி

ஓர் ஆஸ்காருக்கே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 250 லிட்டர். மோட்டாரும் ஃபில்டரும் போட்டு, மீனை மட்டும் வைத்து ஒன்றிரண்டு மாதம் ஓட்டுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் பிடித்த பிறகுதான் மற்ற உயிர்களை விட வேண்டும். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவது கட்டாயம்.

அடியில் இரண்டு அங்குலத்துக்கு மெல்லிய மணல். எம்-சாண்ட் வேண்டாம், அதன் முனைகள் கூர்மை.

அப்புறம் நத்தை

தொடக்கத்துக்கு ட்ரம்பெட் நத்தையை மிஞ்ச ஆளில்லை. கூம்பு மாதிரி நீண்ட ஓடு, நல்ல கெட்டி. பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், ராத்திரிதான் வெளியே வரும். ஆஸ்கார் சும்மா இருக்காது. ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன்: மணலோடு சேர்த்து ஒரு நத்தையை உறிஞ்சியது, இரண்டு தரம் மென்று பார்த்தது, பிறகு துப்பியது. 'டக்'கென்று கண்ணாடியில் பட்டு விழுந்த நத்தை, கால் மணி நேரம் ஓட்டு வாயில் இருக்கும் கதவை இறுக்க மூடிக்கொண்டு கிடந்துவிட்டு மெதுவாக மணலுக்குள் இறங்கியது. சின்னதை மீன் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்றுவிடும். அது போகட்டும், குட்டி போட்டுப் பெருகுகிற நத்தை இது.

வயலில் கிடைக்கும் பெரிய நத்தையை விடலாமா என்று கேட்பார்கள். ஓடு பெரிதுதான். ஆனால் அது மூச்சு விட ஒரு குழாயை நீட்டி மேலே வரும். அந்தக் குழாயையும் கொம்பையும் மீன் கொத்திக்கொண்டே இருக்கும். வயலில் அடித்த பூச்சிமருந்தும் ஒட்டுண்ணிப் புழுவும் கூடவே வரும். எனக்கு மனசில்லை.

தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது, அதில் நத்தை ஓடு அரித்து வெளுக்கும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாய் ஓடுதான் அது. நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டு ஒரு துண்டைத் தொட்டியில் போடுங்கள். போர் தண்ணீர் உப்பேறியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது தேவைப்படாது.

இறால்: ஒரே தண்ணீர், வேறு வீடு

பெரிய தொட்டிக்குள் இறாலை ஒளித்து வைப்பதைவிட, கீழே சம்ப், அதாவது இன்னொரு தொட்டி, வைப்பது நல்லது. மேலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு இறங்கி, வடிகட்டி வழியே போய், மோட்டாரால் மறுபடி மேலே ஏறும். கீழ்த்தொட்டியில் ஓர் அறையை இறாலுக்கு ஒதுக்கி, பாசியும் கொஞ்சம் இலைச் சருகும் போடுங்கள். மோட்டார் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாமல் விட்டால் குஞ்செல்லாம் உள்ளே போய்விடும். நம்ம ஊர் மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். செர்ரி இறாலுக்கு அது ஆகாது. சம்ப் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகிக் குறையும், பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

மேலேயே வைத்தாக வேண்டும் என்றால் நீளக் கொடுக்குள்ள பெரிய ஆற்று இறால் ஒன்றே ஒன்று. காருக்குறிச்சி மண்சட்டியைக் கவிழ்த்து, இறால் மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வையுங்கள். தோல் உரிக்கும்போது அதன் உடம்பு மெத்தென்றிருக்கும், அன்றைக்கு அந்தச் சட்டிதான் உயிர். உரித்த தோலை எடுத்து எறியாதீர்கள், இறாலே தின்னும். தூங்கும் மீனின் வாலைக் கொடுக்கால் பிடித்து இழுப்பதும் உண்டு என்பதால் மீன்மேலும் ஒரு கண் வேண்டும்.

நண்டு ஏர் குழாயைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும். எங்கள் வீட்டு நண்டு ஒன்றைக் கிரைண்டருக்கு அடியில் காய்ந்த நிலையில் கண்டுபிடித்தோம். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர். தொட்டியில் பட்டினி கிடந்து செத்து, ஒரே ராத்திரியில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

மருந்து

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இங்கேதான். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. லேபிளைப் படிக்காமல் ஒரு மருந்தை ஊற்றினேன், அதில் செம்பு உப்பு இருந்திருக்கிறது. மீன் பிழைத்தது, மறுநாள் நத்தை மொத்தமும் கதவு தொங்கிச் செத்துக் கிடந்தது, நாற்றம் தெருவரை. மீனுக்கு ஒத்துக்கொள்ளும் செம்பு, ஓட்டுயிர்களுக்கு விஷம். மணலில் தங்கி அப்புறமும் கசியும். இப்போது மீனைத் தனி டப்பில் விட்டுத்தான் வைத்தியம்.

கடைசியாக, வாரம் ஒருநாள் விளக்கை அணைத்து, பத்து மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி முழுக்க நத்தை ஏறியிருந்தால் இரை அதிகம் போடுகிறீர்கள், அல்லது தண்ணீரில் காற்றுக் குறைவு. மிஞ்சிய நத்தையைக் குளத்திலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். நான் நசுக்கி ஆஸ்காருக்கே போடுகிறேன், அதைத் துப்புவதில்லை.