கூபெர்க்கை மட்டும் பார்த்தால் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அணுப்பொருளும் கதிர்வீச்சுப் பொருளும் திருட்டுப் போகாமல் காப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே கூபெர்க் அணுமின்நிலையம் வந்துவிடும். அது கேப் டவுன் பக்கம், நமக்கென்ன என்று பேச்சும் முடிந்துவிடும்.

முதல் தவறு இங்கேதான். அணு உலை இல்லாத மொசாம்பிக்குக்கும் லெசோத்தோவுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். அங்கும் குழாய்களைப் பற்றவைக்கிறார்கள். பற்றவைப்பு சரியா என்று படம்பிடித்துப் பார்க்க, இரிடியம்-192 என்ற கதிர்வீச்சுப் பொருள் வைத்த சிறு பெட்டி போதும். பக்கி என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள். திருடனுக்கு வேண்டியது வண்டி. பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் வண்டியோடு எல்லை தாண்டும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. உடைத்துப் பிரித்தவர்கள் கதிர்வீச்சில் சிக்கினார்கள், ஒருவர் இறந்தே போனார்.

அடுத்தது, கையெழுத்துப் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது. ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கும் பெலிண்டாபா ஒப்பந்தம் 1996-இல் கெய்ரோவில் கையெழுத்தாகி, 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அணுப்பொருளுக்குக் காவல் போடவேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பெயர் தந்த, தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணு ஆய்வு வளாகத்துக்குள்ளேயே 2007 நவம்பரில் ஆயுதக் கும்பல் மின்வேலியைத் தாண்டி, அவசரக் கட்டுப்பாட்டு அறைவரை போய்விட்டது. ஆறு அணுகுண்டுகளைச் செய்து, தானே பிரித்துப்போட்ட நாடு இது! அணுப்பொருள் எதுவும் திருட்டுப் போகவில்லை, சரி. ஆனால் வேலியைக் காத்தது ஒப்பந்தத் தாள் இல்லையே.

எனக்குப் பெரிதாகப் படுவது, பொருள் காணாமல் போனால் வெளியே சொல்லாமல் மூடிவைக்கும் பழக்கம். மானம் போய்விடுமாம். சர்வதேச அணுசக்தி முகமை 1995 முதல் இப்படிப்பட்ட சம்பவங்களைப் பதிவு செய்துவருகிறது. நாடுகள் தாமாக முன்வந்து சொன்னால்தான் பதிவாகும். அந்தப் பதிவும் சம்பவம் நடந்த பிறகுதான். முதல் சில மணி நேரத்தில் ஜிம்பாப்வே எல்லையிலுள்ள பைட்பிரிட்ஜ், மொசாம்பிக் எல்லையிலுள்ள லெபோம்போ சாவடிகளுக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்குப் பெட்டியின் படமும் எண்ணும் போய்ச்சேர வேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணை அன்றைக்குத் தேடினால் ஆகாது.

அப்புறம், எல்லையில் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி மணியடிக்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை. இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீசும் தரை ஓட்டுச் சரக்குக்குக்கூட அடிக்கும் மணி, தடித்த ஈயத்துக்குள் இருக்கும் இரிடியத்துக்கு அடிக்காமல் போகலாம்.

பழைய இரும்பு வாங்குகிறவர்கள், கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ் அடையாளம் போட்ட கனமான பெட்டி வந்தால் வெட்டவோ கையில் எடுக்கவோ வேண்டாம். முப்பது மீட்டராவது விலகி நின்று, 10111-இல் போலீசைக் கூப்பிடுங்கள்.