நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தடுப்பூசி விஷயத்தில் செய்யும் தவறுகள்

சிஓபிடி (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நாள்பட்ட நோய்), ஆஸ்துமா, மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் தழும்பு நோய் என ஏதோ ஒன்றோடு பல ஆண்டுகளாக வாழ்பவர்களில், தடுப்பூசியே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்பவர்கள் அதிகம் இல்லை. "இப்ப வேண்டாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்பதுதான் அடிக்கடி கேட்கிற பதில். அந்தத் "தேறட்டும்" மாதக்கணக்கில் நீளும். அதற்குள் ஃப்ளூ பருவம் வந்துவிடும்.

நல்ல நுரையீரல் உள்ளவருக்கு ஃப்ளூ என்றால் ஒரு வாரம் காய்ச்சலும் உடம்புவலியும். ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக்குழாய்க்கு அது வேறு கணக்கு. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே சீராகப் போகும் காற்றுக்கு உள்ள தடை 16 மடங்கு கூடுகிறது. நோய்த்தொற்றில் சளிச்சவ்வு சிறிது வீங்கினாலே மூச்சுத்திணறல் திடீரென்று ஏறுவது இதனால்தான். ஒவ்வொரு கடும் மூச்சிரைப்புக்குப் பிறகும் நுரையீரல் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. இதயத்துக்கும் ஆபத்து உண்டு: ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடுவதாக 2018-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. சிஓபிடி உள்ளவர்களில் பலருக்கு இதய நோயும் சேர்ந்தே இருக்கிறது.

எப்போது தள்ளிப்போடலாம்?

தினமும் வரும் இருமல், வழக்கமான அளவு சளி, லேசான மூக்கடைப்பு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. காய்ச்சல் அடிக்கிறது, சளியின் நிறமும் அளவும் மாறிவிட்டன, நிவாரண இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாக எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது தீவிர நிலை. அது அடங்கும்வரை காத்திருங்கள். அதற்காக அடங்கிய பிறகும் இரண்டு மூன்று மாதம் கடத்தத் தேவையில்லை. மூச்சிரைப்புக்காக 5 நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முடித்தவருக்கும் உயிரற்ற வகைத் தடுப்பூசியை (உயிருள்ள கிருமி இல்லாதது) போடலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே "எனக்கு எந்த ஊசி பாக்கி?" என்று கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி மறந்தே போகும்.

"ஊசி போட்டா வீசிங் வந்துடும்"

இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் மூச்சு முட்டிய அனுபவம் உள்ளவர் சொல்வது அது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஆய்வில் ஆஸ்துமா உள்ள 2032 பேர் கலந்துகொண்டார்கள். ஃப்ளூ ஊசிக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் 28.8 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா மோசமானது. வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசிக்குப் பிறகு அது 27.7 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி போடாவிட்டாலும் அந்த இரண்டு வாரத்தில் அத்தனை பேருக்கு வீசிங் வந்திருக்கும் என்பதே இதன் பொருள். ஊசியில் இருப்பவை செயலிழந்த வைரஸின் துண்டுகள், அவற்றால் பெருக முடியாது. எதிர்ப்புச் சக்தி உருவாக சுமார் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வேறு சளி வைரஸ் தொற்றினால் பழி ஊசியின் மேல் விழுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். ஆஸ்துமாவும் மற்ற நாள்பட்ட நுரையீரல் நோய்களும் உள்ளவர்கள் அதைத் தவிர்த்து, கையில் போடும் ஊசியையே கேட்க வேண்டும். ஊசி என்றால் பயம் என்பதற்காக ஸ்ப்ரேக்கு மாறுவது தவறான சமரசம்.

போன வருடம் போட்டேனே என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்கு ஒன்றும் தென் அரைக்கோளத்துக்கு ஒன்றுமாக, ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது. உடலில் எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் போகப் போகக் குறையும். ஆகவே ஆண்டுக்கு ஒன்று. "போட்டும் காய்ச்சல் வந்ததே" என்று கைவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகைகள் நன்றாகப் பொருந்தும் ஆண்டில், ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போகும் நிலையை இந்த ஊசி ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. முழுக் கவசம் அது தராது. வந்தாலும் வேகம் தணிந்து வருவதுதான் நலிந்த நுரையீரலுக்குப் பெரிய லாபம்.

"நிமோனியா ஊசி போட்டாச்சு"

அதிகக் குழப்பம் இங்கேதான். எந்த நிமோனியா ஊசி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிராக இரண்டு குடும்பத்து ஊசிகள் இருக்கின்றன. பிபிஎஸ்வி 23 என்பது கிருமியின் சர்க்கரை உறையை மட்டும் கொண்டது. 23 வகைகளுக்கு எதிராக வேலை செய்யும், ஆனால் உடலில் நீடித்த நினைவை உண்டாக்காது. பிசிவி என்று தொடங்குபவை அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தவை. புரதம் சேர்வதால் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொள்கின்றன, நினைவு உருவாகிறது. பெயருக்குப் பின்னால் வரும் 13, 15, 20, 21 என்ற எண், எத்தனை வகைக் கிருமிகளுக்கு எதிரானது என்பதைச் சொல்கிறது.

இதுவரை எதுவும் போடாதவருக்கு பிசிவி 20 அல்லது பிசிவி 21 ஒரே ஒரு டோஸ் போதும். கிடைப்பது பிசிவி 15 மட்டும்தான் என்றால், அதைப் போட்டு ஒரு வருடம் கழித்து பிபிஎஸ்வி 23. முன்பு பிபிஎஸ்வி 23 மட்டும் போட்டவர் குறைந்தது ஒரு வருடம் விட்டு பிசிவி போட்டுக்கொள்ள வேண்டும். இந்த இடைவெளியைச் சும்மா வைக்கவில்லை. சர்க்கரை உறை ஊசியை அடுத்தடுத்துப் போட்டால் எதிர்வினை மழுங்கும், கையில் வீக்கமும் வலியும் கூடும். எனவே "எதுக்கும் இன்னொண்ணு போட்டுடலாம்" என்று கணக்கில்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள். அட்டவணை நாட்டுக்கு நாடு சற்று மாறும். உங்கள் அட்டையில் எந்த ஊசி, எந்த எண், எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால், போட்ட இடத்தில் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2023 முதல் பெரியவர்களுக்கு வந்திருக்கிறது. வயதானவர்களுக்கும், நுரையீரல் நோய் உள்ள நடுவயதைத் தாண்டியவர்களுக்கும் இப்போதைக்கு ஒரு டோஸ். ஃப்ளூ ஊசிபோல ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை. கோவிட் ஊசியை உங்கள் நாட்டு அட்டவணைப்படி போட்டுக்கொள்ளுங்கள். 50 வயது தாண்டிய சிஓபிடி நோயாளிகளுக்கு அக்கி அம்மைக்கு எதிரான உயிரற்ற ஊசி 2 டோஸ், 2 முதல் 6 மாத இடைவெளியில். கக்குவான் ஊசியைப் பதின்ம வயதில் போடாதவர்கள் அதையும் கேளுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே ஒன்றல்ல

இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு தடுப்பூசிக்குத் தடையே இல்லை. ஊசி போடும் நாளில் இன்ஹேலரை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது ஆபத்தான வேலை, மூச்சிரைப்பை நாமே வரவழைத்துக்கொள்வது. மாத்திரை வேறு கதை. பிரெட்னிசோலோன் தினமும் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரண்டு வாரமோ அதற்கு அதிகமோ எடுப்பவர்களுக்கு அம்மைத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போன்ற உயிருள்ள வகைகள் கூடாது, நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் ஆக வேண்டும். உயிரற்ற வகைகளைப் போடலாம். பலன் சற்றுக் குறையலாம், பாதுகாப்பில் குறை இல்லை.

நுரையீரல் தழும்பு நோய்க்கு ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றுபவர்கள் தேதியைக் கவனமாகத் திட்டமிட வேண்டும். அந்த மருந்து எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்களை அழிக்கிறது, அதனால் ஏற்றியபின் ஏறத்தாழ 6 மாதம் ஊசிக்குப் பலன் மிகக் குறைவு. அடுத்த தவணைக்கு 2 முதல் 4 வாரம் முன்பு போடுவதே சரி. ஃப்ளூ ஊசி மட்டும் பருவத்தோடு வருவது, ரிட்டுக்ஸிமாப் தேதிக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம். மைக்கோஃபினோலேட், அசத்தியோபிரின் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை ஊசிக்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

கையில் போடும்போது

சிஓபிடி முற்றியவர்களுக்குத் தோள் தசை கரைந்து எலும்பு தட்டுப்படும். தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, தசை தடிமனாக உள்ள இடத்தில் ஊசி இறங்க வேண்டும். சற்று மேலே போனால் மூட்டுப்பையில் பட்டு மாதக்கணக்கில் தோள் வலிக்கும். மெலிந்த உடம்புக்கு வழக்கமான 25 மில்லிமீட்டர் ஊசி நீளம் அதிகமாகிவிடலாம். 60 கிலோவுக்குக் குறைந்தவருக்குத் தோலை இழுத்துப் பிடித்து 16 மில்லிமீட்டர் ஊசியே போதும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றாமல், தோளை முழுவதும் திறந்து காட்டுங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

தூசி, பெனிசிலின், முட்டை ஒவ்வாமைகள் ஃப்ளூ ஊசிக்குத் தடையல்ல. அதே ஊசிக்கோ அதிலுள்ள பொருளுக்கோ முன்பு உடல் முழுக்கத் தடிப்பு, தொண்டை அடைப்பு, மயக்கம் வந்திருந்தால் மட்டும் போடாதீர்கள், ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் கில்லன் பாரி நோய் (நரம்புகள் பாதிக்கப்பட்டு கை கால் தளர்வது) வந்தவர்களும் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

போட்டு முடித்ததும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். நிவாரண இன்ஹேலர் பையில் இருக்கட்டும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஒன்றிரண்டு நாளில் போகும், அதற்குப் பாரசிட்டமால் போதும். மூச்சுத்திணறல் வந்தால் "ஊசியோட எஃபெக்ட்" என்று வீட்டில் காத்திருப்பது பெரிய தவறு. உங்கள் மருத்துவர் தந்த மூச்சிரைப்புத் திட்டத்தை உடனே தொடங்குங்கள், அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, ஊசி போட்டாச்சு என்ற தைரியத்தில் பருவத்தில் வரும் திடீர்க் காய்ச்சலை விட்டுவிடாதீர்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். முதல் நாளே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.