காதை விட்டுக் கண்ணைப் பிடித்தால்: செவ்வியல் இசைத் தாள விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிண்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக 2009இல் வெளிவந்த 'மாயஸ்ட்ரோ! ஜம்ப் இன் மியூசிக்' விளையாட்டில், பிரெஸ்டோ என்னும் பறவை இசைக்கம்பிகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். திரையைத் தொடும் பேனாவான ஸ்டைலஸால் கம்பியை மீட்டினால் அது தாவும். ஜப்பானிய முரசை வைத்து எழுந்த 'தைக்கோ நோ தத்சுஜின்' வரிசையில் மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கென்று தனிப் பிரிவே உண்டு. வலமிருந்து இடமாக ஊர்ந்து வரும் சிவப்பு வட்டத்துக்கு முரசின் முகத்தையும் நீல வட்டத்துக்கு அதன் விளிம்பையும் தட்ட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் கருவியில் பீத்தோவனையும் பிராம்ஸையும் விரலால் பின்தொடரச் செய்யும் இவ்வகை விளையாட்டுகளைப் புதிதாகத் தொடங்குவோர் இரண்டு மூன்று பாடல்களிலேயே சலித்துப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரல் வேகம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் விரலில் குறை இருப்பதில்லை. அவர்கள் நேரத்தைக் காதால் அளக்காமல் கண்ணால் அளக்க முயல்வதுதான் குறை.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். கண்ணால் கண்ட ஒன்றுக்கு விரல் அசைவதற்கு ஏறத்தாழக் கால் விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்னும் நடுத்தர வேகத்தில் ஓர் அடிக்கு அரை விநாடி. அதில் பாதியே கால் விநாடி. வட்டம் தட்ட வேண்டிய இடத்தைத் தொட்டதைப் பார்த்துவிட்டுத் தட்டுபவர் ஒவ்வொரு முறையும் அரை அடி பிந்தியே தட்டுவார். இவ்விளையாட்டுகளோ உயர்ந்த மதிப்பெண்ணுக்குச் சில பத்து மில்லி விநாடிப் பிசகை மட்டுமே பொறுத்துக்கொள்பவை. எனவே சரியாகத் தட்டுபவர் எவரும் பார்த்துத் தட்டுவதில்லை. தாளம் எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்து தட்டுகிறார். அந்த முன்னறிவைத் தருவது இசை. பேருந்திலும் அலுவலக இடைவேளையிலும் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு விளையாடும் பழக்கம் இதனால்தான் முதலில் விட வேண்டிய ஒன்று.

ஒலியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, அந்த ஒலி உரிய நேரத்தில் காதுக்கு வந்து சேர வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக அனுப்பி, மறுமுனையில் சிறிது சேமித்து, விரித்த பிறகே ஒலிக்கிறது. சாதாரண வகைகளில் இதற்கு 100 முதல் 200 மில்லி விநாடி வரை, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 2021 செப்டம்பரில் வந்த புதுப்பிப்பு ப்ளூடூத் ஒலியை அனுமதித்தபோது நானும் மகிழ்ந்து ஒரு மலிவான ஹெட்போனை இணைத்தேன். அடுத்த ஒரு வாரம், முன்பு எளிதாக முடித்த பாடல்களில் எல்லாம் தோற்றுக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டதோ என்றுகூட ஐயம் வந்தது. பழைய கம்பி ஹெட்போனைச் செருகிய அன்றே மதிப்பெண் திரும்பிவிட்டது. கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடுவோருக்குச் சிக்கல் படத்தின் பக்கம் வரும். தொலைக்காட்சி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும் என்பதால், அதில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

பல விளையாட்டுகளின் அமைப்புப் பக்கத்தில், நம்மைத் தட்டச் சொல்லிப் பார்த்து ஒலியையும் படத்தையும் ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தொடாமலே இருப்பது ஒரு தவறு. ஒரே முறை, அவசரத்தில் செய்துவிட்டு மறந்துவிடுவது அதைவிட நுட்பமான தவறு. சீரான தட்டொலியைக் கேட்டு விரலால் தட்டச் சொன்னால், மனிதர்கள் ஒலிக்குச் சில பத்து மில்லி விநாடி முன்னதாகவே தட்டிவிடும் இயல்புடையவர்கள் என்பது உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இந்த முந்தல் ஆளுக்கு ஆள் வேறுபடும், ஒரே ஆளிடமும் முறைக்கு முறை சற்றே மாறும். மூன்று நான்கு முறை செய்து, இடையில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு, ஹெட்போனை மாற்றும்போதெல்லாம் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

கருவி சரியான பின்னும் மிஞ்சுவது இசை பற்றிய தவறுகள். ஒரு நடனப் பாட்டு தொடங்கிய வேகத்திலேயே முடியும் என்று நம்பி விளையாடலாம். செவ்வியல் இசையில் அந்த நம்பிக்கை நெடுநேரம் தாங்காது. எட்வர்ட் கிரீக் 'பேர் கியுந்த்' நாடகத்துக்காக எழுதிய 'மலையரசனின் மண்டபத்தில்' ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும். மெல்லத் தொடங்கும் அந்த மெட்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்றே விரைந்து இறுதியில் தலைதெறிக்க ஓடும். விரலுக்கு ஒரு வேகத்தைப் பழக்கிவிட்டு அதை நம்பியிருப்பவர் பாதி வழியில் பின்தங்குவார். பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தில் இடர் வேறுவகை. அதன் நடுப்பகுதியில் விரைந்து ஓடும் இசை திடீரெனத் தயங்கி நடந்து, மறுகணமே பழைய ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். தயங்கும் இடத்தில் வட்டங்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தைப் பொறுக்க முடியாமல் முந்தித் தட்டுவதுதான் அங்கே வழக்கமாக நேர்வது. மெட்டை விட்டுவிட்டு அடியில் ஒலிக்கும் கனமான துணையிசையைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தயங்குகிறது என்பது காதிலேயே விழும்.

எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, தவறவிடுவது என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றிலும் சுவையான தவறு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தொடங்கும் நான்கு ஸ்வரங்களை அறியாதவர் அரிது. ஆனால் அது முதல் அடியில் தொடங்குவதில்லை. முதலில் ஒரு சிறு மௌனம், அதன் பிறகே மூன்று குறுகிய ஸ்வரங்கள், அடுத்த தாளக்கட்டின், அதாவது அடுத்த சுற்று அடிகளின், தலையில் நெடிய நான்காவது. பீத்தோவன் குறித்த வேகத்தில் அந்த மௌனத்தின் நீளம் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குதான். கருநாடக இசை கேட்டவர்களுக்கு, தாளம் தொடங்கிய பின் பாட்டு எழும் அனாகத எடுப்பு என்றால் உடனே புரியும். முதல் ஸ்வரத்தையே அடி என்று எண்ணித் தட்டுபவருக்கு அதன்பின் வருவதெல்லாம் தலைகீழாகத் தோன்றும். அந்த நான்காவது ஸ்வரத்தை எண்ணிக்கைக்கு அப்பாலும் நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். அதே வடிவம் இரண்டாம் முறை வரும்போது முதல் முறையைவிட ஒரு தாளக்கட்டு கூடுதலாகவும் எழுதியிருக்கிறார். முதல் நீட்டலைக் கணக்கு வைத்து இரண்டாவதையும் விடுபவர் அங்கேயே சிக்குவார். 'எலீசேவுக்காக' என்னும் பியானோ இசை இதற்கு நேர்மாறு: தாளம் விழுமுன்பே இரண்டு ஸ்வரங்கள் வந்துவிடும், அதாவது அதீத எடுப்பு.

செவ்வியல் இசையை நன்கு அறிந்தவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதி மேடையில் ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும். இவ்விளையாட்டுகளில் ஒரு பாடல் பெரும்பாலும் இரண்டு நிமிடத்தைச் சுற்றியே முடியும். வெட்டி ஒட்டிய அந்த வடிவத்தில் ஒரு பகுதி திரும்ப ஒலிக்கும் மீளிசை மூலத்தில் வருவதுபோல் வராது, வராத இடத்தில் முடிப்பு வரும். நினைவிலிருந்து விளையாடுபவர் இல்லாத ஸ்வரத்துக்குத் தட்டிவிட்டு விளையாட்டின் மேல் கோபப்படுவார். முதல் முறை தட்டாமல் முழுவதும் கேட்டுவிடுவது இதற்குப் போதும்.

வட்டங்கள் ஊரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் எளிதாகும் என்று எண்ணுவதும் பிழையே. இசையின் வேகம் மாறாதபோது ஊர்வதை மட்டும் மெதுவாக்கினால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, எது முன் எது பின் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும். சற்று விரைவாக ஊரவிட்டால் இடைவெளி தெளிவாகும். முதல் இரண்டு நாள் மிரட்டும், பிறகு பழகிவிடும். ஸ்டைலஸ் வைத்து ஆடும் விளையாட்டுகளில் கையை நீளமாக வீசுவதைக் குறைக்க வேண்டும். டிஎஸ் கருவியின் திரை அழுத்தத்தை உணரும் வகை. மேலோட்டமாக உரசிச் சென்றால் சில மீட்டல்கள் பதிவாகாது, ஓங்கி இழுத்தால் முனை கம்பியை அடைவதற்குள் நேரம் கடந்துவிடும். கம்பிக்கு அருகில் முனையை நிறுத்திச் சிறிய, உறுதியான இழுப்பாக இழுப்பதே சரி.

மீண்டும் கிரீக்கின் மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு பிழையும் இல்லாமல் கடைசி வரை வந்தவர்களை அது கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. ஓட்டம் உச்சத்தை எட்டியதும் இசை துண்டுதுண்டாக உடைந்து, பேரொலி ஒன்று, மௌனம், மறுபடி பேரொலி என்று முடிவை நோக்கிப் போகும். அதுவரை விரைந்த விரல் அந்த மௌனத்திலும் விரையும், இல்லையேல் பாடல் முடிந்ததென்று எண்ணிக் கை தளரும். மௌனத்தின்போதும் காலால் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள். டிம்பனி முரசு உருளும் ஓசை கேட்கும், அதற்குப் பிறகே கடைசித் தட்டு.