பழைய நெடுஞ்சாலைக்கு இணையதளம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைப் பற்றித் தான் உருவாக்கிவரும் இணையதளத்தைக் காட்டினார். நிறைய அலைந்திருக்கிறார். ஆனால் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சாலைக்குத் தளம் போட்டபோது நான் செய்ததையே அவரும் செய்திருந்தார். எழுத்துப்பிழை, கண்ணைக் குத்தும் நிறம் போன்றவற்றை வாசகர்களே சொல்லிவிடுவார்கள். பிறகு சரிசெய்ய முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

சாலை எண்ணை நம்பிப் பக்கம் பிரிப்பது

என் தளத்தின் எல்லாப் பக்க முகவரியிலும் இந்தச் சாலையின் அப்போதைய எண்ணான என்.எச். 45 இருந்தது. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132, அங்கிருந்து திருச்சி வரை 38, திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே 83 என்று ஒரே சாலை நாலு துண்டானது. முகவரிகளை மாற்றினேன், மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோயின. ஊர்ப்பெயரை வைத்துப் பக்கம் பிரியுங்கள். அச்சிறுபாக்கம் எப்போதும் அச்சிறுபாக்கம்தான்.

மூலப் படத்தை அழிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

2000-களின் தொடக்கம். சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மதுராந்தகம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் பழைய மைல்கல் ஒன்றைப் பார்த்தேன். ஆங்கில எண் இருந்த பகுதி உடைந்திருந்தது. கீழே தமிழ் எண் மட்டும் தெரிந்தது. மூன்று படம் எடுத்தேன். அன்றைக்கு டயல்-அப் இணைப்பு. பெரிய படம் திறக்க நிமிஷக்கணக்கில் ஆகும். அதனால் 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றினேன். கணினியிலும் இடம் இல்லை. 'அதுதான் தளத்தில் இருக்கிறதே' என்று மூலப் படங்களை அழித்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது மரமும் இல்லை, கல்லும் இல்லை. ஜல்லிக் குவியல்தான் இருந்தது.

சில வருஷம் கழித்து நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதினார். கல்லில் இருப்பது 51-ஆ, 54-ஆ என்று கேட்டிருந்தார். தமிழ் எண்ணில் ஒன்றுக்கு 'க' வடிவம், நான்குக்கு 'ச' வடிவம். தேய்ந்த கல்லில் இரண்டையும் பிரிக்கும் கோடு நூல் அளவுதான் இருக்கும். மூன்று மைல் என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர். பழைய பாதை எவ்வளவு வளைந்து போனது, எங்கிருந்து அளந்தார்கள் என்ற கணக்கே அதில் மாறிவிடும். படத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் தெரிந்தன. அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது வசதி எவ்வளவோ கூடிவிட்டது, தவறு மட்டும் வேறு வழியில் வருகிறது. அந்த மாணவர் படங்களை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி, அதைத் தளத்தில் போட்டுவிட்டு, போனில் இருப்பதை அழித்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எடுத்த தேதியும் இடமும் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். எப்படியானாலும் மூலப் படம் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். தளத்துக்குப் போவது நகல்தான்.

அப்புறம் குறிப்பு. சாலையின் எந்தப் பக்கம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் படாளமும் மேல்மருவத்தூரும் ஒன்றாகிவிடும். கல்வெட்டு எழுத்தைக் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி வரும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. சாக்பீஸ் தேய்க்காதீர்கள். தேய்ப்பவர் தான் படித்ததைத்தான் கல்லில் வரைவார். அடுத்து வருபவருக்கும் அதுதான் தெரியும்.

புறவழிச்சாலையைப் பழைய சாலை என்று நினைப்பது

கார் ஓட்டிக்கொண்டே எடுத்த வீடியோவைப் போட்டு 'பழைய ஜி.எஸ்.டி. சாலை' என்கிறார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்றைய நான்கு வழிச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய சாலை ஊருக்குள்ளே, கடைத்தெரு வழியாகப் போகும். அங்கே இறங்கி நடக்க வேண்டும். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் அந்தக் காலத்தில் மெட்ராஸ் பஸ் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். வரைபடத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

எல்லாவற்றையும் மங்கம்மாள் போட்டது என்பது

1689-இலிருந்து சுமார் பதினைந்து வருஷம் மதுரையை ஆண்டவர் அவர். சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பேர்பெற்றவர். அதற்காகச் செங்கல்பட்டுச் சாலையை அவர் கணக்கில் எழுதக்கூடாது. ஆதாரம் இல்லையென்றால் 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று எழுதுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.

இலவச இடத்தை மட்டும் நம்புவது

இலவசமாகத் தளம் போட இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேருடைய தளங்கள் அதோடு போயின. நான் பிறகு வைத்திருந்த இன்னொரு இலவச இடமும் ஒரு நாள் அறிவிப்பில்லாமல் நின்றது. கட்டுரைகள் பாதிதான் கையில் இருந்தன. மாதம் ஒருமுறை தளம் முழுவதையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஆர்வமுள்ள ஒரு நண்பரிடமும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள்.